திரைக்குப் பின்னால் உருளும் பகடை

பகடை உருண்டு நிற்கிறது. இருபது முகங்கள் கொண்ட அந்தப் பகடையில் விழுந்த எண்ணை ஒருவர் மட்டுமே பார்க்கிறார். அவர் நடுவர். அவர் முன்னால் ஓர் அட்டைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு வருடங்களாக, வாரம் ஒரு மாலை, ஒரே வீரனின் பாத்திரத்தை ஏற்று ஆடி வருகிறார். அந்த வீரனுக்கு ஒரு பெயர் உண்டு, சொந்த ஊர் உண்டு, பழிதீர்க்க வேண்டிய எதிரியும் உண்டு. ஆனால் பகடை சொல்வது வேறு. வழியில் எதிர்ப்பட்ட ஒரு சில்லறைக் கொள்ளையனின் அம்பு பட்டு அவன் செத்தான் என்கிறது அது. நடுவர் என்ன செய்வது? விழுந்த எண்ணைச் சொல்லிவிடுவதா, சின்னப் பொய் ஒன்று சொல்லி வீரனைக் காப்பாற்றுவதா?

அமெரிக்காவில் பிறந்து இன்று பல நாடுகளில் ஆடப்படும் 'ரோல்பிளேயிங்' விளையாட்டின் ரசிகர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் கிடைப்பதற்கு முன் சண்டை கிடைக்கும். பொய் சொல்லும் நடுவர் ஏமாற்றுக்காரர் என்பார் ஒருவர். உண்மையைச் சொல்லும் நடுவருக்குக் கதையின் அருமை தெரியவில்லை என்பார் அடுத்தவர். இப்படிப்பட்ட இக்கட்டு வரும்படி விதிகளை எழுதியவர்தான் குற்றவாளி என்பார் மூன்றாமவர். அரை நூற்றாண்டாக இந்த மூவரும் ஒருவரை ஒருவர் ஒப்புக்கொண்டதில்லை.

வெளியாருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டத்தின் தன்மையைத் தெரிந்துகொண்டால் சண்டையின் காரணமும் புரியும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் காட்சிகளில் வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து சிறுவர்கள் ஆடுகிறார்களே, அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இவற்றில் மிகப் பிரபலமானது. நடுவர் உலகத்தை வர்ணிப்பார். அரக்கனுக்கும் அரசனுக்கும் சத்திரக்காரனுக்கும் அவரே குரல். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொன்னால், கதவுக்குப் பின்னால் இருப்பதை நடுவர் சொல்வார். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. ஒரே ஆட்டம் வருடக்கணக்கில் நீளலாம். வம்பு தொடங்குவது இங்கேதான். சதுரங்கத்தில் யார் நன்றாக ஆடினார் என்பதை வெற்றி சொல்லிவிடும். வெற்றியே இல்லாத ஆட்டத்தில் எது நல்ல ஆட்டம் என்று யார் சொல்வது?

உண்மையில் இந்தச் சண்டை விளையாட்டைவிட மூத்தது. ப்ரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வரைபடத்தின் மீது ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக உருவான அதில், உயிரிழப்பைக் கணக்கிட அட்டவணைகளும் பகடையும் இருந்தன. மேற்பார்வைக்கு ஒரு நடுவரும் இருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1876-ல், வெர்டி து வெர்னுவா என்ற ப்ரஷ்ய அதிகாரி அட்டவணைகளும் பகடையும் வேண்டாம் என்றார். போர்க்களம் கண்ட நடுவரின் அனுபவமே போதும் என்பது அவர் வாதம். கறாரான ஆட்டம், சுதந்திர ஆட்டம் என்று ராணுவத்திலேயே இரண்டு கட்சிகள் உருவாகின. விதிகள் அதிகமானால் ஆட்டம் ஆமை வேகத்தில் நகரும். விதிகளை எடுத்துவிட்டால் மேலதிகாரியின் அபிப்பிராயமே சட்டமாகிவிடும். இரண்டு குற்றச்சாட்டுகளிலும் நியாயம் இருந்தது.

அந்தப் போர் விளையாட்டு மரபு அட்லாண்டிக்கைக் கடந்தது. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த சார்லஸ் டோட்டன் 1880-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரடெகோஸ்' என்ற நூல், பல தலைமுறைகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கண்ணில் பட்டது. விதிப் புத்தகத்தில் இல்லாத காரியத்தையும் ஆட்டக்காரர் முயன்று பார்க்கலாம், நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1969-ல் நண்பர்களைக் கூட்டி, நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மன் ஊர் ஒன்றில் நடக்கும் ஆட்டத்தை நடத்தினார். படைகளுக்குப் பதில் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கியாளர் என்று. ஆட்டக்காரர்கள் முறையை மறந்து மூலைக்கு மூலை நின்று பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். ஆடியவர்களுக்கும் வடிவமைத்தவருக்கும் ரசனை வேறுபட்ட முதல் சம்பவம் இதுதான் எனலாம்.

அந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவர் அந்த யோசனையை மாயமும் அரக்கர்களும் நிறைந்த ஓர் உலகத்துக்குக் கொண்டுபோனார். விஸ்கான்ஸின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ் அதை விதிகளாக எழுதினார். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அவை விற்றுத் தீரவே பல மாதங்கள் பிடித்தன.

மூன்று புத்தகங்களிலும் பாதி விஷயம் சொல்லப்படவே இல்லை. போர் விதிகளுக்கு 'செயின்மெயில்' என்ற வேறொரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது. காட்டுப் பயணத்துக்கு இன்னொரு கம்பெனி விற்ற விளையாட்டின் பலகையைப் பரிந்துரைத்தது. மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்ற தொனியில் முடிந்தது. அனுபவமில்லாத நூலாசிரியர்களின் குறை என்று இதைச் சொல்லலாம். ஆனால் பின்னால் விளைந்த அத்தனையும் இந்தக் குறையில் முளைத்தவைதான். தாயக்கட்டம் ஆடும்போது வெட்டு விழாமல் காயைப் பழமாக்கலாமா கூடாதா என்று வீட்டுக்கு வீடு சட்டம் மாறுகிறதல்லவா? அதுபோல அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஒரு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உண்டாயிற்று. விடுமுறைக்கு ஊர் மாறிப் போன கல்லூரி மாணவன், தன் விளையாட்டையே அங்கே அடையாளம் காண முடியாமல் விழித்தான்.

1975-ல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற சுற்றிதழைத் தொடங்கினார். வாசகர்களே பக்கங்களை எழுதி அனுப்புவார்கள். அவர் தொகுத்து அனுப்புவார். எங்கள் ஊரில் இப்படித்தான் ஆடுவோம் என்று ஆரம்பித்த கடிதங்கள் விரைவிலேயே, உங்கள் ஊரில் ஆடுவது தப்பு என்பதில் போய் நின்றன. அதே வருடம் ஃபீனிக்ஸ் நகர நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே, புரியாத விதிகளோடு போராடுவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம் என்று முடிவு செய்து, சாதாரண ஆறுமுகப் பகடை மட்டுமே போதுமான 'டன்னல்ஸ் அண்ட் ட்ரால்ஸ்' விளையாட்டை வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் பெர்ரினின் குறை நேர்மாறானது. இடைக்காலப் போர்முறைகளைக் கழிகளும் கவசமுமாகத் தாங்களே ஆடிப் பார்க்கும் சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். நிஜ வாள் சண்டை இப்படியா இருக்கும் என்பது அவர் கேள்வி. அவர் பங்கில் உருவான 'ரூன்குவெஸ்ட்' 1978-ல் வந்தது. அதில் அடி எந்த அங்கத்தில் விழுந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒருவருக்கு விதிகள் அதிகம், ஒருவருக்குப் போதாது. இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்.

கைகாக்ஸின் மனமாற்றம் இந்த வரலாற்றின் சுவாரசியமான அத்தியாயம். ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் ஆட்டம் மாறுவதை அவர் வரவேற்றார். ஆனால் விற்பனை பெருகி, மாநாடுகளில் போட்டிகள் நடக்க ஆரம்பித்ததும் பொதுவான விதி தேவைப்பட்டது. 1979-ல் வெளிவந்த நடுவர் கையேட்டில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆட வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினார். பின்னர் கம்பெனியின் பத்திரிகையில், விதிகளை இஷ்டத்துக்கு மாற்றுகிறவர்கள் ஆடுவது இந்த விளையாட்டே அல்ல என்ற அளவுக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், அதே கையேடு பகடையை மீறும் உரிமையை நடுவருக்குக் கொடுக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தும் அதிர்ஷ்டக் குறைவால் சாகப்போகும் பாத்திரத்தை மூர்ச்சையாக்கியோ ஊனமாக்கியோ உயிர்பிழைக்க வைக்கலாம் என்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற புத்தகமே, கருணை மனு வாங்கும் ஜன்னலையும் திறந்து வைத்தது.

இலக்கியம் பிறந்த பிறகுதான் இலக்கணம் பிறக்கும் என்பார்கள். இங்கும் இலக்கணக்காரர்கள் வந்தார்கள். கிளென் பிளேகோ என்பவர் 1980-ல் 'டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்' பத்திரிகையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார். பாத்திரமாகவே மாறுகிறவர்கள், கதையை நாடுகிறவர்கள், பலத்தைச் சேர்க்கிறவர்கள், போர்த் தந்திரத்தில் மகிழ்கிறவர்கள். ஒருவரிடமே நான்கும் கலந்திருக்கலாம் என்பதும் அவர் பார்வை. பிறகு வந்த பல கோட்பாடுகளைவிட இது நிதானமானது. ஆனால் நிதானமான கட்டுரைகள் கோஷ்டிகளைக் கலைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்து வந்தது கதையின் காலம். 1984-ல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகச வரிசை ஆட்டக்காரர்களை ஒரு மாபெரும் காவியத்தின் நாயகர்களாக்கியது. காவியத்தில் நாயகன் பாதி வழியில் அம்பு பட்டுச் சாகலாமா? முக்கிய பாத்திரம் விழுந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளும்படி, பிறகு உயிரோடு திரும்ப வழி வைக்கும்படி, நடுவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. நம் சினிமாவில் மலையுச்சியிலிருந்து விழுந்த கதாநாயகனுக்குக் கிடைக்கும் சலுகைதான். பலர் சொக்கிப் போனார்கள். இது தண்டவாளத்தில் ஓடும் ரயில், நாங்கள் வெறும் பயணிகள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தண்டவாளம் என்பது இவர்கள் அகராதியில் இன்றும் வசைச்சொல். 1991-ல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்க்கரேட்' நடுவருக்குக் 'கதைசொல்லி' என்றே பெயர் சூட்டியது. கதைக்கு இடைஞ்சலான விதியை ஒதுக்கிவிடலாம் என்பதைப் பொன்விதியாக அறிவித்தது.

இதற்குப் பதிலடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ரான் எட்வர்ட்ஸ் உயிரியல் கற்பித்தவர், விளையாட்டு வடிவமைப்பாளர். விதிகளை ஒதுக்கித்தான் நல்ல கதை கிடைக்கும் என்றால் அந்த விதிகள் எதற்கு என்று கேட்டார். நடுவர் திறமைசாலியானால் எந்த விதியும் போதும் என்ற பழைய நம்பிக்கையை மறுத்து, எந்த அனுபவம் வேண்டுமோ அதைத் தருவதற்கென்றே விதியை வடிக்க வேண்டும் என்றார். சவால், கதை, உலகத்தின் நம்பகத்தன்மை என்று நோக்கங்களை மூன்றாகப் பிரித்தார். 2001 முதல் 2012 வரை அவர் நடத்திய விவாத மேடையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் தலைமுறையே எழுந்தது. அங்கே விவாதித்தவர்களில் ஒருவரான வின்சென்ட் பேக்கர், மெகி பேக்கருடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' விளையாட்டில் நடுவர் பகடையே உருட்டுவதில்லை. உருட்டுகிறவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமே, எல்லோர் கண்ணெதிரிலும். பொய் சொல்லலாமா என்ற கேள்வியை விதியே அழித்துவிட்டது.

ஆனால் நல்ல கோட்பாட்டுக்கும் நாவடக்கம் தேவை. தொண்ணூறுகளின் கதைசொல்லி விளையாட்டுகள் அவற்றில் வளர்ந்தவர்களின் மூளையைச் சேதப்படுத்திவிட்டன என்று 2006-ல் எட்வர்ட்ஸ் எழுதினார். உவமையாகச் சொல்லவில்லை என்றும் விளக்கினார். தங்கள் இளமையின் இனிய மாலைகளை நோய் என்று கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு கோட்பாடு காதில் ஏறுமா? அவர் சொன்ன நல்ல விஷயங்களையும் சேர்த்தே பலர் நிராகரித்தார்கள். ரசனையை ஆரோக்கியமாகவும் வியாதியாகவும் பிரிக்கும் விமர்சகருக்கு எந்தத் துறையிலும் நேரும் கதிதான்.

2008-ல் சண்டை கடைவீதிக்கு வந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அப்போது வேறு கை மாறியிருந்தது. 1997-ல் அதை வாங்கிய 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' கம்பெனி நான்காம் பதிப்பை வெளியிட்டது. பழைய பதிப்புகளில் மந்திரவாதி வளர வளர வாள்வீரன் எடுபிடி ஆகிவிடுவான். புதிய பதிப்பு எல்லோருக்கும் சமமான பங்கு தந்தது. கட்டம் போட்ட பலகையில் துல்லியமான போர் வகுத்தது. ஒரு வடிவமைப்பாகப் பார்த்தால் மிகச் சீரானது. ஆனால் பழைய ரசிகர்களில் பலர், இது கம்ப்யூட்டர் விளையாட்டை மேசைக்குக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். முந்தைய பதிப்பின் விதிகள் திறந்த உரிமத்தின் கீழ் இருந்ததால், 'பைசோ' என்ற நிறுவனம் அவற்றைச் செப்பனிட்டு 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. தாய்ப் பதிப்புக்கே அது பலத்த போட்டியாக நின்றது.

இன்னொரு கூட்டம் இன்னும் பின்னால் போயிற்று. எழுபதுகளின் விதிகளைப் புதுப்பித்து அச்சிட்டவர்கள் அவர்கள். 2008-லேயே மேத்யூ ஃபின்ச் எழுதிய சிறு கையேடு அவர்களுக்கு வேதமாயிற்று. விதிப் புத்தகத்தைப் புரட்டாதே, நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அதன் சாரம். வெர்டி து வெர்னுவா கல்லறையில் புன்னகைத்திருப்பார். ஆனால் இந்தப் பழமைவாதிகளில் பலர் நடுவருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்துவிட்டு, பகடையை மட்டும் பகிரங்கமாக உருட்டச் சொல்கிறார்கள். தீர்ப்பு உங்களுடையது, விதி உங்களுடையது அல்ல என்பது அவர்கள் ஏற்பாடு.

இத்தனை கட்சிகளையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். ரசனைச் சண்டை என்ற பெயரில் நடப்பது அதிகாரச் சண்டை. மேசையில் கடைசி வார்த்தை யாருடையது? புத்தகத்தை எழுதியவருடையதா, நடுவருடையதா, ஆட்டக்காரருடையதா, பகடையுடையதா? யதார்த்தம், சமநிலை, கதை, சவால் என்று யார் எந்தக் கொடியைப் பிடித்தாலும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். 2012-ல் அடுத்த பதிப்பைப் பகிரங்கமாகப் பரீட்சை செய்து, 1,75,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஈடுபடுத்தி, 2014-ல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது கம்பெனி இதைப் புரிந்துகொண்டதாகத் தோன்றியது. பல இடங்களை அது வேண்டுமென்றே நடுவர் கையில் விட்டது. ஆனால் 2023 ஜனவரியில் திறந்த உரிமத்தை அதே கம்பெனி மாற்ற முயன்றது. அதுவரை ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்த கோஷ்டிகளெல்லாம் ஒன்று சேர்ந்து எதிர்த்தன. அந்த மாதமே கம்பெனி பின்வாங்கியது. எப்படி ஆடுவது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதை யார் தீர்மானிக்கக் கூடாது என்பதில் இருந்தது.

2015-ல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' போன்ற நிகழ்ச்சிகள் புதிய சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றன. தொழில்முறைக் குரல் நடிகர்கள் கேமரா முன் ஆடுவதைப் பார்த்து வருகிறவர், தன் நண்பரின் சமையலறை மேசையிலும் அதே நாடகத்தை எதிர்பார்க்கிறார். வேலை முடிந்து களைத்து வந்து நடுவராக உட்காரும் நண்பருக்கோ, நான்கு அரக்கர்களுக்கு நான்கு குரல் எழுப்பத் தெரியாது. அவர் நடத்துவது மட்டமான ஆட்டம் அல்ல, வேறு ஆட்டம். இதைச் சொல்லத் தெரியாமல் பல குழுக்கள் கலைகின்றன. கலைவது விளையாட்டு மட்டும் என்றால் பரவாயில்லை. வாராவாரம் நேரில் கூடும் ஐந்து பேருக்குக் கூடுவதற்கு இருந்த ஒரே சாக்கும் அதோடு போய்விடுகிறது.

திரைக்குப் பின்னால் உருண்ட பகடையின் விவகாரமும் இதுதான். வீரனைக் காப்பாற்ற நடுவர் சொல்லும் பொய் அந்த மாலைக்கு இனிக்கும். ஆனால் ஒருநாள் உண்மை தெரிந்துவிட்டால், அந்த ஆட்டக்காரர் அதுவரை ஜெயித்த ஒவ்வொரு போரையும் சந்தேகிப்பார். எதில் தன் சாமர்த்தியம், எதில் நண்பரின் தயவு? இரண்டு வருட நினைவுகள் பின்னோக்கிக் கறைபடும். மறுபக்கம், கதைக்காகவே வந்து உட்கார்ந்தவரிடம் ஒரு கொள்ளையனின் அம்பைக் காட்டி, விதி விதிதான் என்பதும் ஒருவகை முரட்டுத்தனமே. அவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை.

சமீப வருடங்களில் பல குழுக்கள் எளிய வழக்கம் ஒன்றைக் கைக்கொள்கின்றன. முதல் ஆட்டத்துக்கு முன் ஒருநாள், பகடையைத் தொடாமல், பேசுவதற்கென்றே கூடுகிறார்கள். பூஜ்யம் அமர்வு என்று இதற்குப் பெயர். பாத்திரங்கள் சாகலாமா? பகடை எல்லோர் முன்னும் உருளுமா, திரைக்குப் பின்னாலா? கதையா, சவாலா? யாருக்கு எது சகிக்காது? இந்தப் பேச்சு யாருடைய ரசனையையும் மாற்றுவதில்லை. அந்த மேசை தனக்குப் பொருந்தாது என்று முதல் நாளே ஒருவர் எழுந்து போகலாம். இரண்டு வருடம் கழித்துக் கசப்போடு போவதைவிட அது மேல்.

திரை இருப்பதில் தவறில்லை. திரைக்குப் பின்னால் எண் மாறக்கூடும் என்பது மேசையில் உள்ள அனைவருக்கும் முன்பே தெரிந்திருந்தால் அது ஒரு விதி. நடுவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.